ஐயாவுவின் நெஞ்சில் ஒரு புற்று

ஐயாவு விட்ட புகை, சிம்பாங் பூலாய் ஊரைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகளைத் தேடிப் போனது. அப்படித்தான் அவருக்குத் தோன்றும். காலையில் மலையைச் சுற்றிக் கிடக்கும் பனியில் பாதி தன் உபயம் என்று, சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடியே நம்புவார். ஒரு நாளைக்கு முப்பது சிகரெட், அந்த ஊர்ப் பேச்சில் ரொக்கோ, ஊதுகிற மனிதர் வேறு எதை நம்புவார்?

எழுபத்தொன்பதாம் வருடம் அந்தச் சொர்க்கத்துக்கு ரேடியோ வழியாக ஆபத்து வந்தது. சிகரெட் குடித்தால் நுரையீரலில் புற்று வரும் என்று ஒரு டாக்டர், அதுவும் தமிழிலேயே, சொல்லித் தொலைத்தார். ஐயாவுவுக்கோ இரண்டு மாதமாய் இருமல். மனைவி வீரம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இந்த வீட்டில் ஒன்று ரொக்கோ இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்றுவிட்டாள்.

ஐயாவுவுடையது பஸ் கண்டக்டர் மூளை. பேச்சுக் கொடுத்தே ஆளை இறக்கிவிடும்.

"புத்துன்னா என்னா? நாகம்மா குடியிருக்கிற எடம். தோட்டத்துக் கோயில்ல வெள்ளிக்கெழமையானா பால் ஊத்துறியே, அது. அந்த ஆத்தாவே என் நெஞ்சுக்குள்ள வர்றான்னா குடுத்து வச்சிருக்கணும்லா."

வீரம்மா அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆம்பளைகள் ஜெயிக்கிற வாதமெல்லாம் இந்த லட்சணத்தில்தான் இருக்கும். ஐயாவு இன்னொன்றைப் பற்றவைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை. மேகத்தின் மேல் படுத்திருப்பதாக அவருக்குக் கனவு. மேகம் ஜில்லென்று நெஞ்சில் வழிந்தது. மஞ்சள் வாசம் வேறு. கண்ணைத் திறந்தால், சட்டையை விலக்கி வீரம்மா பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் அடுத்த வீட்டுச் செல்லாயி தலைமையில் ஏழெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு செம்போடு. செல்லாயி பச்சை முட்டையும் கொண்டுவந்திருந்தாள். நாகம்மாவுக்குத்தான், கொஞ்சம் வாயைத் திறங்கண்ணே என்று பணிவாய்க் கேட்டாள்.

ஐயாவு துள்ளி எழுந்தார். இது அந்தப் புற்று இல்லை, வியாதி என்றார். புகையில் இருக்கும் தார் நுரையீரலில் படியும், உள்ளே சதை கண்டபடி வளரும், கடைசியில் ஆளையே தின்றுவிடும் என்று அந்த டாக்டரைவிட விளக்கமாய்ச் சொன்னார். ஒருத்தியும் செம்பை இறக்கவில்லை. முட்டை இன்னும் கிட்டே வந்தது.

"சத்தியமா லா. ரொக்கோ குடிச்சுத்தான் வருது. இன்னும் குடிச்சா செத்துருவேன்."

செம்புகள் எல்லாம் ஒரே சமயத்தில் கீழே இறங்கின. வீரம்மா அவர் சட்டைப் பையிலிருந்த பெட்டியை எடுத்து, மிச்சப் பாலுக்குள் மெதுவாய் அமுக்கினாள்.

"எனக்கு அது தெரியும்ங்க. உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கத்தான் எல்லாரும் வந்தோம்."