ட்வீட்டருக்குள் புகுந்த ஆவி

பாட்டுக்காரர்கள் ஒத்திகை பார்க்கும் மாடிக்கு ஒலிச்சாமி வருகிறார் என்றதும் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. வாத்தியங்களைப் பிடித்த பேயை ஓட்டுவதில் அவர் கில்லாடி. டிரம்மரின் இரண்டு சிம்பல் தட்டுகளும் ஒரு பாடகியின் மைக்கும் பேய் தெளிந்து, காணிக்கையாக அவரிடமே போய்ச் சேர்ந்திருந்தன. சாமியின் தம்பி பழைய வாத்தியக் கடை வைத்திருப்பது ரொம்பத் தற்செயல்.

இன்றைய நோயாளி, பேஸ் கிடார்க்காரனின் ஸ்பீக்கர் பெட்டி. பெரிய ஸ்பீக்கர் தும்தும்மென்று நன்றாகவே அடித்தது. மேல்சத்தம் தரும் சின்ன ட்வீட்டர்தான் ஒரு வாரமாக ஊமை. செத்துப்போன எவனோ ஒருவனின் ஆவி உள்ளே உட்கார்ந்து அதன் குரல்வளையை நெரிக்கிறதாம். ஓட்டிய ஆவி திரும்பி வராமலிருக்கக் கிடாரைச் சாமியிடமே ஒப்படைத்துவிட வேண்டுமாம். ஆறு வருஷமாகப் பிள்ளை போல வைத்திருந்த கிடார். அவனுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் தலையாட்டிவிட்டான். கிடார் போனபின் வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. யோசிக்கிற வேலையைத்தான் சாமி பார்த்துக்கொள்கிறாரே.

அவனுடைய அக்காவும் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்பவள். தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாமி பெட்டியைக் கறுப்புத் துணியால் மூடினார். துணிக்குள் கைவிட்டு அதைக் கட்டிப்பிடித்து முணுமுணுத்தார். பிறகு துணியை உருவி, வாசிக்கச் சொன்னார். அவன் வாசித்தான்.

"மேல்சத்தம் கேக்குதா?"

தான் மட்டும்தான் செவிடோ என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் நடுங்கினார்கள். கேட்கிறது என்று யாரோ ஒருவர் சொன்னார். அவ்வளவுதான், மாடியே துள்ளியது. வெள்ளி மணி மாதிரி இருக்கிறது என்றார் கீபோர்டுக்காரர். டிரம்மர் ஆடவே தொடங்கிவிட்டார். படிக்கட்டில் நின்றவர்களுக்கு இன்னும் தெளிவாகக் கேட்டதாம். பேஸ்காரனுக்கும் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. கண்ணீரோடு கிடாரைக் கழற்றி நீட்டினான்.

"ஒரு நிமிஷம் சாமி," என்றாள் அக்கா. "உங்களுக்கும் கேட்டுச்சா?"

"எனக்குக் கேக்காம வேற யாருக்கும்மா கேக்கும்?"

அவள் பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தாள். இரண்டு ஒயர் தொங்கும் ட்வீட்டர்.

"காலையிலயே கழட்டிட்டேன். பெட்டி முன்னாடி இருக்கற வலைக்குப் பின்னால வெறும் ஓட்டைதான் இருக்கு."

டிரம்மர் மட்டும் விவரம் புரியாமல் இன்னும் இரண்டு அடி ஆடிவிட்டு நின்றார்.

அக்கா ட்வீட்டரைத் திரும்ப மாட்டிவிட்டுப் பெட்டியின் முதுகைக் காட்டினாள். அங்கே ட்வீட்டரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவென்றே ஒரு திருகு. பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளும்போதெல்லாம் அது உரசி உரசிப் பூஜ்யத்துக்குப் போயிருந்தது. சாமியையும் அவளையும் தவிர அங்கே யாரும் பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்ததில்லை. துணிக்குள் அவர் கை தேடிப்போனது இதைத்தான். அக்கா தம்பியை வாசிக்கச் சொல்லிக்கொண்டே திருகைக் குறைத்தாள்: ஆவி வந்தது. கூட்டினாள்: ஆவி ஓடியது. ஆளாளுக்கு வரிசையில் நின்று திருகிப் பார்த்துச் சிரித்தார்கள். நழுவப் பார்த்த சாமியைப் படிக்கட்டில் மடக்கிய டிரம்மர், தன் சிம்பல்களைப் பற்றி அன்பாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

தம்பி கிடாரை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"எனக்கு நெஜமாவே கேட்டுச்சுக்கா."

"தெரியும்டா. ஆஸ்பத்திரியில நான் சத்தமே போடாதப்பவும் கேட்டுச்சுன்னு பட்டனை அமுக்குறவங்க இருக்காங்க. காது கேக்கலன்னா நான் மெஷின் வச்சு விட்டுடுவேன். யோசிக்கறதுக்கு மெஷின் கிடையாது, அதை நீயேதான் செய்யணும்."