பஜ்ஜித் தீவும் லட்டுத் தீவும்

பெங்களூரில் கடல் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் ஜோகுபாளையம் பி.ஜி. விடுதியில்தான் இருந்தார். தீவு அண்ணா. நிஜப் பெயர் அவர் அம்மாவுக்கும் ஆதார் அட்டைக்கும் மட்டுமே தெரியும். நிலநடுக்கத்தில் தீவுகள் ஏறுவதையும் இறங்குவதையும் கம்ப்யூட்டரில் அளப்பது வேலை; அதைப் பிறர்மேல் ஏவுவது பொழுதுபோக்கு. உப்பு கேட்டால் சுமத்ராவைக் கொடுப்பார். ஒரு ஞாயிறு மதியம் என் மெத்தைக்கு அடியில் தன் மெத்தையைச் செருகி, தூங்கிக்கொண்டிருந்த என்னை ஜப்பான் ஆக்கினார்.

இந்த வியாதியால் இரண்டு வரன்கள் நழுவிவிட்டன. மூன்றாவது, ஆனேக்கல்லில். பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து அண்ணா தினமும் சட்டைக்கு இஸ்திரி போட்டார். துணைக்கு நானும் போனேன்.

பஸ்ஸில் அவர் அம்மா கெஞ்சினார்: "டேய், சம்பளம், வீடு, இத மட்டும் பேசு. பூமிக்கு அடியில போயிடாத."

"ப்ராமிஸ்மா."

பெண் வீட்டில், அவள் அப்பா மரியாதைக்குக் கேட்டார்: "தம்பிக்கு என்னா மாதிரி வேலைங்க?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணா மேஜையிலிருந்த பிளாஸ்டிக் விரிப்பை இழுத்தார். நுனியில் ஒரு பஜ்ஜி, நடுவில் ஒரு லட்டு வைத்தார். "இது மேல இருக்கற பாறைத் தட்டு சார். கடலடித் தட்டு இதுக்குக் கீழ நுழையுது. நுனி அதுல மாட்டிக்கிச்சு. அது இழுக்க இழுக்க நுனி அமுங்கும், நடு உப்பும். நூத்துக்கணக்கான வருஷம் இப்படியே…" நுனியை அழுத்தி உள்ளே தள்ளினார். லட்டு உயர்ந்தது. "திடீர்னு ஒருநாள் பிடி விட்டுச்சுன்னா…"

விட்டார். நுனி எகிறியது. பஜ்ஜி அப்பாவின் மடியில். நடு தணிந்தது, லட்டு உருண்டு சட்னிக்குள்.

"ஏனப்பா இது!" 'என்னப்பா இது' அப்பாவுக்குக் கன்னடத்தில் வந்துவிட்டது.

"பஜ்ஜித் தீவு மேல வந்துருச்சு சார்! பவளப்பாறையெல்லாம் தண்ணிக்கு வெளிய கெடந்து சாவும். லட்டுத் தீவு முங்கிடுச்சு!" என்றவர், அம்மாவைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனார்.

அதுவரை குனிந்திருந்த பெண் நிமிர்ந்தாள். "லட்டுத் தீவுல இருந்தவங்க?"

"மேட்டுக்குப் போயிட்டாங்க. தென்னமரம் மட்டும் உப்புத் தண்ணில நிக்குது."

"மறுபடி மேல வருமா?"

"வரும்ங்க… ரொம்ப மெதுவா."

"இன்னொரு தடவ காட்டுங்க."

அப்பா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

நாங்கள் பஸ் ஏறுவதற்குள் சம்மதம் என்று போன் வந்தது. அம்மா அழுதார். அண்ணா என் தோளை உலுக்கினார்: "கேள்வி கேட்டாங்கடா மச்சி! கேள்வி!" பெங்களூர் வரும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு தடவைகூட அலுக்கவில்லை.