நாலாவது மோட்டார்

என் மனைவிக்கு ஒரு வேலையைத் தப்பாகச் சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானம் செய்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொந்தமாக எடுத்த முதல் தீர்மானம். அதுவும் உயிருக்குப் பயந்து எடுத்தது.

வீட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு நூல் சுற்றும் பட்டறை. நாலு மெஷின், நாலு மோட்டார், எல்லாவற்றையும் ஓட்ட ஒரே ஒரு டிரைவ். சுவரில் மாட்டிய சின்னப் பெட்டிதான் அது. குமிழைத் திருகினால் நாலும் ஒன்றுபோல வேகம் எடுக்கும், ஒன்றுபோல அடங்கும். எங்கள் வீட்டில் என் பேச்சைக் கேட்கிற ஜீவன்கள் அந்த நாலும்தான்.

இந்த லட்சணத்தில் டாக்டர் என் நெஞ்சைத் திறக்க வேண்டும் என்றார். திறந்தால் பிழைக்கலாம், விட்டால் அதிக நாள் ஓடாது என்றார். ‘திறக்க’ என்ற இடத்திலேயே எனக்குக் காது அடைத்துவிட்டது. பட்டறையை யார் பார்ப்பது என்று கேட்டேன். நான் பார்க்கிறேன் என்றாள் மனைவி, டாக்டர் முன்னாலேயே. அப்படியானால் நீ டிரைவைக் கற்றுக்கொண்ட மறுநாள் நான் போய்ப் படுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வாக்கில் ஒரு ஓட்டை வைத்திருந்தேன். மூன்று மோட்டார் ஓடும்போது நாலாவதைச் சேர்க்கக் கூடாது. அது கிளம்புகையில் இழுக்கிற கரண்ட்டில் டிரைவ் மிரண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடும். முதலில் டிரைவை நிறுத்தி, நாலாவதைச் சேர்த்து, பிறகு நாலையும் ஒன்றாகக் கிளப்ப வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை.

அவள் தினமும் நாலாவதைச் சேர்ப்பாள். தினமும் பட்டறை கப்சிப் ஆகும். உனக்குக் கை வரவில்லை, ஆஸ்பத்திரியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்பேன். மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது என்று அவளும் தலையைக் குனிந்துகொள்வாள். என் மனசில் இருப்பதை என் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுகிறவளுக்கு இது ஏறவில்லையா என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஜெயிக்கிற மயக்கத்தில் யோசிக்கவில்லை. மூச்சு வாங்குவது மட்டும் கூடிக்கொண்டே போனது.

நேற்று நூல் மூட்டையைத் தூக்கினேன். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. தண்ணீர் கொடுத்து என் முதுகைத் தடவிவிட்டு டிரைவிடம் போனாள். ஓடிய மூன்றையும் நிறுத்தினாள். நாலாவதைச் சேர்த்தாள். கிளப்பினாள். நாலும் சீராக ஓடின.

"எப்பக் கத்துக்கிட்ட?"

"முதல் வாரமே. நீங்க நாலாவதைச் சேர்க்கும்போது கட்டை விரல் முதல்ல நிறுத்துற சிவப்பு பட்டனுக்குத்தான் போகும். எனக்குச் சொல்லிக்குடுக்கும்போது மட்டும் போகாது."

"அப்ப ஏன் இத்தனை நாளா தெரியாத மாதிரி இருந்த?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெரியும்னா நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகணுமே. போயி திரும்பி வரலைன்னா நான் என்ன பண்ணுவேன்? அதான் வேணும்னே தப்பா பண்ணேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அவளை ஏமாற்றிய நாளெல்லாம் அவள் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"எனக்கும்தான். ஆனா நீங்க இப்படி உக்காந்ததைப் பாத்தப்புறம், போகாம இருக்கிறதுதான் பெரிய பயமா இருக்கு."

இன்று காலை வண்டி வந்து நின்றது. டிரைவை ஒரு தடவை சரிபார்த்துவிட்டு வருகிறேன், நேரமாகும், ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போவோம் என்று முணுமுணுத்தபடி பட்டறைப் பக்கம் நழுவினேன். பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.