மறுத்துப் பேசிய சர்வர்

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணி முதல் நகரத்தில் யாரும் பிறக்கவுமில்லை, இறக்கவுமில்லை. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் ஏழு கவுன்ட்டர்களிலும் கணினித் திரையில் ஒரே வாசகம்தான் தெரிந்தது: ‘இணைப்பு மறுக்கப்பட்டது.’

பதிவுகளையெல்லாம் தன்னிடம் வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்க எடுத்துக்கொடுக்கும் சர்வர் இதுநாள்வரை கீழ்த்தளத்தில் ஒரு பழைய அலமாரிக்குப் பின்னால் தூசியோடு தூசியாக வேலை பார்த்து வந்தது. சனிக்கிழமை அதை மாடியில் கண்ணாடிக் கதவும் நீல விளக்கும் போட்ட புது அறைக்கு மாற்றினார்கள். இப்போது எல்லா அலுவலகங்களிலும் கண்ணாடி அறைதான் மோஸ்தர். மாற்றிய கையோடு மென்பொருளையும் புதிதாக ஏற்றிவிட்டிருந்தார்கள்.

கணினிப் பிரிவில் இருந்தது ஒரே ஒரு பெண். எந்தக் கோளாறு வந்தாலும் “ஒயரைப் பாருங்கக்கா” என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, அவளுக்கு ஒயரக்கா என்றே பேர் நிலைத்துவிட்டது. அன்றைக்கும் ஒயரிலிருந்துதான் தொடங்கினாள். ஒயரில் பழுதில்லை. கீழேயிருந்து கூப்பிட்டதற்கு இயந்திரம் ‘இருக்கிறேன்’ என்றது. மாடிக்குப் போய் அதன் முன்னாலேயே உட்கார்ந்து ஒரு பதிவைக் கேட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் கொடுத்தது. அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. நேரே இயக்குநரிடம் போனாள்.

இயக்குநரின் முகம் கடுகடுவென்றிருந்தது. “மறுத்தது யாரு?”

“சர்வர் சார்.”

“அதுக்கு யார் அதிகாரம் கொடுத்தா? நானே ஒரு மனுவை மறுக்கணும்னா மூணு கையெழுத்து வேணும்!”

“அது வேணும்னு மறுக்கலை சார். புது மென்பொருள் ஏத்தினப்ப ஒரு வரி மாறிப்போச்சு. இப்ப அது தன் பேச்சை மட்டும்தான் கேக்குது. வெளியிலேர்ந்து யார் கூப்பிட்டாலும் காதுல விழாது.”

“அதுல என்ன தப்பு?” என்றார் இயக்குநர், நிஜமாகவே புரியாமல்.

“அந்த வரியை மாத்திட்டு, சர்வரை ஒரு தடவை நிறுத்தி ஓடவிட்டா போதும் சார். ரெண்டு நிமிஷம்.”

“ரெண்டு நிமிஷ வேலைக்கு அனுமதி கொடுக்க விதியே இல்லையேம்மா. இந்த மென்பொருள் எந்தக் கம்பெனியோடது? அவங்களுக்கு எழுதுவோம்.”

“கம்பெனி கிடையாது சார். திறந்த மூல மென்பொருள். உலகம் பூரா உள்ளவங்க சேர்ந்து எழுதினது. எல்லாருக்கும் சொந்தம்.”

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எல்லாருக்கும் சொந்தம்னா, எல்லார்கிட்டயும் தடையில்லாச் சான்று வாங்கணுமே?”

சாயங்காலம் ஒயரக்கா வீட்டுக்குள் கால் வைத்ததும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். அவள் கைக்குழந்தையோடு காலையிலிருந்து மூன்றாவது கவுன்ட்டரில் நின்று வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை ராத்திரி விமானம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் புருஷன் குழந்தையின் முகத்தை இன்னும் நேரில் பார்க்கவில்லை. பாஸ்போர்ட் கையில் இருந்தாலும், புதிதாக எடுத்த பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் குழந்தையை ஏற்றமாட்டார்கள்.

“உங்க ஆபீஸ்தானே அண்ணி?” என்றபடி குழந்தையை ஒயரக்காவின் மடியில் போட்டாள். குழந்தை உடனே மடியை நனைத்தது. “பாருங்க, இது பொறந்திருக்குங்கறதுக்கு இன்னும் என்ன ஆதாரம் வேணுமாம் உங்களுக்கு?”

செவ்வாய்க்கிழமை சர்வருக்குக் குறிப்பாணை பிறந்தது. ‘பொதுமக்களுக்கு இணைப்பை மறுத்தது குறித்து மூன்று தினங்களுக்குள் எழுத்துபூர்வமாக விளக்கமளிக்கத் தவறினால், தங்கள் தரப்பில் கூறுவதற்கு ஏதுமில்லை எனக் கருதப்படும்.’ சர்வர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளாததால், கண்ணாடிக் கதவில் ஒட்டினார்கள்.

புதன்கிழமை ஓர் ஆலோசகர் வந்தார். கூர்மூக்குச் செருப்பு, கழுத்தில் அட்டை. அறையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, “எல்லாத்தையும் கிளவுடுக்கு, அதாவது மேகத்துக்குக் கொண்டுபோயிடலாம்” என்றார்.

“மேகத்துக்குக் கொண்டுபோனாலும் அந்த வரியை மாத்தியாகணுமே?” என்றாள் ஒயரக்கா.

“வரியெல்லாம் கீழ்மட்டத்துல பார்த்துக்குவாங்க.”

“அந்தக் கீழ்மட்டம் நான்தாங்க.”

ஆலோசகர் அவளைப் பரிவோடு பார்த்துவிட்டு இயக்குநர் பக்கம் திரும்பிக்கொண்டார். இருவரும் பேசி, ஐந்து பேர் கொண்ட குழு அமைப்பதென்று முடிவானது.

வியாழக்கிழமை அவள் அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனாள். இயக்குநர் அதைத் தொடவில்லை. “காகிதத்தை ஒழிச்சாச்சும்மா. மின்கோப்புல அனுப்புங்க.”

“மின்கோப்பும் இதே சர்வர்லதான் சார் இருக்கு.”

“அதனால என்ன? இணைப்பு வந்ததும் அனுப்புங்க. உடனே அனுமதி தரேன். நான் எதையும் கிடப்புல போடற ஆளில்லை.”

வெள்ளிக்கிழமை இயக்குநர் ‘விரைவுச் சேவை’ பற்றிய மூன்று மணி நேரக் கருத்தரங்குக்குப் போயிருந்தார். ஒயரக்கா மாடி வளைவில் நின்று கீழே பார்த்தாள். வரிசை வாசலைத் தாண்டித் தெருவரை போயிருந்தது. நாத்தனார் பெட்டியோடேயே வந்து நின்றாள். அழுது ஓய்ந்த குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒயரக்கா குறிப்பாணை ஒட்டிய கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வரியை மாற்றினாள். நிறுத்தினாள். ஓடவிட்டாள். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி ஆனது.

கீழேயிருந்து ‘ஹோ’ என்று சத்தம் கேட்டது. நாத்தனார் சான்றிதழைத் தலைக்கு மேல் ஆட்டிக் காட்டினாள். ராத்திரி குழந்தையோடு பறந்தும் போய்விட்டாள். அன்றைக்கு ஒயரக்கா நிம்மதியாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை குழு வந்திறங்கியது. ஏழு கவுன்ட்டரும் விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

“கோளாறு எங்கே?” என்று கேட்டார் தலைவர். “இருந்துதுன்னா, எங்க அனுமதி இல்லாம சரிபண்ணவங்க மேல நடவடிக்கை எடுக்கணும். இல்லவே இல்லைன்னா பாராட்டிட்டுப் போயிடுவோம்.”

கவுன்ட்டர்க்காரர்களைக் கேட்டார்கள். ஐந்து நாள் சும்மா இருந்ததற்கு யார் கணக்குச் சொல்வது? “கோளாறா? தெரியலீங்களே” என்றார்கள். வரிசையில், போன வாரம் முழுக்க நின்று திட்டித் தீர்த்த பெரியவரைக் கேட்டார்கள். அவருக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர். “ஒரு குறையும் இல்லீங்க, நகருங்க” என்றார் அவர்.

கடைசியாக, நடந்ததை எழுதித் தரச் சொல்லிக் காகிதம் ஒயரக்காவிடம் வந்தது. அவள் பேனாவை மூடித் திறந்தாள். மாற்றியது தான்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பிறகு, ‘கோளாறு ஏதும் ஏற்படவில்லை’ என்று எழுதி, அழகாகக் கையெழுத்துப் போட்டாள். கோளாறே வராத முதல் அலுவலகம் என்று இயக்குநருக்குப் பாராட்டிதழ் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து நகரத்து அலுவலகத்திலிருந்து போன். கணினிப் பிரிவில் தனியாளாக இருக்கும் பெண். குரல் உடைந்திருந்தது.

“அக்கா, எங்க சர்வரையும் கண்ணாடி ரூமுக்கு மாத்தினாங்க. எல்லாத்துலயும் இணைப்பு மறுக்கப்பட்டதுன்னே வருது. கண்ணுல தண்ணி வருதுக்கா. உங்களுக்கு இந்த மாதிரி வந்துச்சா? என்ன பண்ணீங்க?”

எதிரே இயக்குநர் பாராட்டிதழை மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“எங்களுக்கு அப்படி எதுவும் வந்ததே இல்லையேம்மா” என்றாள் ஒயரக்கா. “எதுக்கும் ஒரு குழு போடச் சொல்லிப் பாரேன்.”