மலைமேல் ஓர் ஆயத்தக்காரர்

ஆயத்தக்காரர் என்று ஓர் இனம் உண்டு. சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அவரைப்போல் உழைப்பவரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. காரியத்துக்கு முந்திய காரியம் எதுவானாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். காரியத்தைத்தான் தொடமாட்டார்.

ஆஸ்டின் டவுன் ஆம்ப்ரோஸைப் பாருங்கள். ரயில்வே கூட்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றதும், கனகபுரா பக்கம், பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் ஏறினால் வருகிற மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வாங்கினார், உண்ணிச்செடியை வெட்டினார், மழைக்கு அது மறுபடி முளைத்ததும் மறுபடி வெட்டினார், பாறையைச் சுட்டுப் பிளந்தார், மாட்டுவண்டி ஏறப் பாதை போட்டார், கிணறு தோண்டினார், மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், அதற்குள் இருந்த குமிழி ஓர் இழை தெற்கே நகர, வீடு கட்டுகிறவன் அவசரப்படலாமா என்று பள்ளத்து மண்ணை மறுபடி மேட்டுக்கே ஏற்றினார். ஐந்து வருஷம். ஒரு செங்கல் வைக்கவில்லை.

மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது வீட்டைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும்.

"ஃபர்ஸ்ட் கிளாஸா போயிட்டிருக்கு. நெலம் ரெடியாயிட்டா வீடு தானா நிக்கும்."

அவர் மனைவி ஜோசஃபின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். தானாக நிற்கிற வீட்டை அவள் எங்கேயும் கண்டதில்லை.

அவளுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், மகனுக்குக் கல்யாணம், ஈஸ்டருக்குள் காலி செய்யுங்கள் என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். அதை அவள் கணவரிடம் சொன்னாள். அவர் பதறவில்லை. எந்தச் சாமானை எந்தப் பெட்டியில் கட்டுவது என்று ஜாபிதா எழுத உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவளே பஸ் ஏறினாள். மலையில் மேஸ்திரி மதலைமுத்து, ஐயா வாங்கிப் போட்ட கல்லுக்கும் மரத்துக்கும் காவலாகப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டலாமா என்று தாம் மூன்று தடவை கேட்டதாகவும், ஒவ்வொரு தடவையும் ஐயாவுக்கு முகம் வெளுத்து, முதலில் சாமான் வைக்க ஓர் இடம் வேண்டாமா என்று பேச்சை மாற்றிவிட்டதாகவும் சொன்னார்.

ஜோசஃபின் கல்லையும் மரத்தையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கொட்டகைன்னா ஒத்துக்குவாரா?"

"உடனே ஒத்துக்குவாரும்மா. அது ஆயத்தந்தானே."

"அப்ப கொட்டகையே போடுங்க. கல்லுச் சுவரு, மேல மங்களூர் ஓடு. சுண்ணாம்புக்கு ஒண்ணு, கடப்பாரைக்கு ஒண்ணு, மரத்துக்கு ஒண்ணு. மூணும் ஒட்டினாப்பல இருக்கட்டும்."

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சுண்ணாம்புக்கு ஜன்னல் வெக்கணுமாம்மா?"

"கெழக்கால ரெண்டு வைங்க. கடப்பாரைக் கொட்டகையில பொகை போக வழி வேணும்."

மேஸ்திரி பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

ஆம்ப்ரோஸ் மூன்றுக்கும் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். கொட்டகைதானே, மட்டம் ஓர் இழை முன்னே பின்னே இருந்தால் என்ன என்றார். சுண்ணாம்பு நனையக்கூடாது என்று தாமே நின்று வேலை வாங்கினார். ஈஸ்டருக்கு முந்தின வாரம் கட்டில், பீரோ, மாதா படம் எல்லாம் மாட்டுவண்டியில் மலையேறின. இப்போது சுண்ணாம்புக் கொட்டகையில் படுக்கிறார், கடப்பாரைக் கொட்டகையில் சாப்பிடுகிறார். வருகிறவர்களிடம், இதெல்லாம் தற்காலிகம், மழை விட்டதும் வீடு ஆரம்பம் என்கிறார். ஜோசஃபின் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே காபி கொண்டுவந்து வைக்கிறாள்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். இன்னும் கொஞ்சம் விசாரித்துவிட்டுத் தொடங்கலாம் என்றிருக்கிறவர், அவ்வளவுதான். ஆனாலும் உங்கள் வீட்டில் யாராவது சாதுவாக வந்து நின்று, சின்னதாக ஒரு கொட்டகை போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டால், சரியென்று சொல்லிவிடுங்கள். எதற்கென்று மட்டும் கேட்காதீர்கள்; மழைக்காலம் வந்துகொண்டிருக்கிறது.