திருகாணி ஒருமுறையாவது பிரேக் பிடிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ‘திருகாணி’ சித்திரக்கதை ஆசிரியர் அவர்களுக்கு,

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவன் எழுதிக்கொள்வது. நான் நலமில்லை. என் காரும் நலமில்லை. உங்கள் நலத்தை விசாரிக்க மனம் வரவில்லை என்றாலும், கடிதம் என்றால் விசாரிக்க வேண்டும் என்பதால் விசாரித்துக்கொள்கிறேன்.

எழுதுவது, வரைவது, அச்சடிப்பது, ஸ்டேப்ளர் பின் அடிப்பது எல்லாம் நானே என்று பின்னட்டையில் போட்டிருக்கிறீர்கள். நல்லது. திட்டுவதற்கு ஒரே முகவரி.

உங்கள் புத்தகத்தை என் பயிற்சிக் காரின் பின்சீட்டில் கண்டெடுத்தேன். என்னிடம் கற்றுக்கொண்டிருந்த வங்கிக்காரம்மா மறந்துவிட்டுப் போனது. அடுத்த ஆள் வரும்வரை புரட்டலாமே என்று புரட்டினேன். காதில் ஸ்குரூடிரைவர் செருகிய ஒரு பெண். பேர் திருகாணி. சிமெண்ட் கலக்கும் லாரியை எடுத்துக்கொண்டு பாதி கட்டிய பாலத்திலிருந்து ஓடுகிற கப்பல் மேல் பாய்கிறாள். பாயட்டும். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. லாரி அவளுடையது இல்லை என்பதில்கூட ஆட்சேபம் இல்லை. ஆனால் புத்தகம் முழுக்கத் தேடிவிட்டேன், அவள் ஓர் இடத்திலும் பிரேக் பிடிக்கவில்லை. கால் தெரிகிற படங்கள் எல்லாவற்றிலும் ஆக்ஸிலரேட்டர். பிரேக் தெரிகிற ஒரே படத்தில் அதைக் கழற்றி வில்லன் மண்டையில் எறிகிறாள்.

வீட்டுக்குக் கொண்டுபோனது என் தப்பு. என் மனைவி படித்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடமாக என்னிடம் கார் கற்றுக்கொள்கிறாள். லைசென்ஸ் தேர்வுக்குப் போவாள், நிறுத்த வேண்டிய வெள்ளைக் கோட்டைத் தாண்டி நிறுத்துவாள், தோற்பாள். பிறகு எனக்குச் சாப்பாடு போடும்போது பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகப் பேசும். என்னோடு ஓட்டும்போது மட்டும் பிரமாதமாக நிறுத்துவாள். காரணம் சாதாரணம். பயிற்சிக் காரில் எங்கள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. சொல்லித்தருகிறவன் கால் அதன் மேலேயே இருக்கும். தொழில் அப்படி. என் வலது செருப்பை மட்டும் அடிக்கடி தைக்கக் கொடுப்பதால் செருப்புத் தைப்பவர், “உங்களுக்கு ஒரு கால்தான் வேலைக்குப் போகுதா சார்?” என்று கேட்டிருக்கிறார்.

அவள் கடைசிப் பக்கத்தை மூடிவிட்டுக் கேட்டாள்.

“ஏங்க, இவ பக்கத்துல யாருமே உக்காரலையே?”

“கதைதானே.”

“அதான் கேக்குறேன். என் கதையில மட்டும் நீங்க எதுக்கு?”

மறுநாள் காரில் ஏறியதும், “கால மடிச்சு சீட்டு மேல வச்சுக்கோங்க” என்றாள். நானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒரு பயிற்சியாளன் தன் சொந்தக் காரில் விருந்துக்கு வந்தவன் மாதிரி. அவளோ, பொய் சொல்லக் கூடாது, அழகாக ஓட்டினாள். இரண்டாவது கியரைத் தாண்டாதவள் மூன்றைப் போட்டாள், நான்கையும் போட்டாள், ஹார்ன் அடித்தாள், யாருமே இல்லாத தெருவில் இன்னொரு முறை அடித்தாள், பிறகு டயர் கடை திருப்பத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வண்டி நிற்பதற்காகக் காத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த பிரேக் அதுதான். காலை எடுத்தால் வண்டி நிற்கும். இத்தனை வருடமாக நின்றிருக்கிறது. அன்றைக்கு நிற்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், நான் என் காலைப் பார்த்தேன், கால் மரத்துப்போய் பக்கத்து வீட்டுக்காரன் கால் மாதிரி கிடக்கு, அவிழ்க்க வரல, அதுக்குள்ள வண்டி நேரா டயர் அடுக்குக்குள்ள போயிடுச்சு. ஒரு டயர் மட்டும் தனியாக உருண்டு எதிரே இருந்த முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்தது. பாதி மீசையோடு ஒருத்தர் வெளியே ஓடி வந்தார். பின்னாடியே கத்தரிக்கோலோட கடைக்காரர். டயர் கடைக்காரர் மட்டும் நிதானமாக வந்து, “காத்து அடிக்கவா சார்?” என்று கேட்டார்.

மனைவி பயப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“இத்தன வருஷமா வண்டிய நிறுத்துனது யாரு?”

நான் கண்ணாடியைச் சரிசெய்தேன்.

“நான் அழகா நிறுத்துறேன்னு சொன்னீங்க.”

“அழகாத்தானே நின்னுச்சு.”

“தேர்வுல கோட்டத் தாண்டுறப்பல்லாம் எனக்குப் பயம்னு சொன்னீங்க. எனக்கு வண்டி ஓட்டுற மனசே இல்லன்னு சொன்னீங்க. நானும் நம்பிக்கிட்டு வீட்டுல உக்காந்து மூச்சுப் பயிற்சி பண்ணேன்.”

அதற்குப் பிறகு அவள் என்னோடு ஓட்டுவதில்லை. போன மாதம் லைசென்ஸ் வாங்கிய வங்கிக்காரம்மாவின் காரில் ஓட்டிப் பழகுகிறாள். அதில் பக்கத்து சீட்டுக்கு பிரேக் கிடையாது. வியாழக்கிழமை தேர்வு. “இந்தத் தடவ நீங்க மைதானத்துக்குள்ள வரவே கூடாது” என்று சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரியை மீண்டும் என் பக்கத்து சீட்டில் பார்ப்பேனா என்பது இப்போது ஒரு வெள்ளைக் கோட்டில் இருக்கிறது. மற்ற மாணவர்களும் காதில் எதையாவது செருகிக்கொண்டு வந்து, “சார், காலை மடக்குங்க” என்கிறார்கள்.

எல்லாம் உங்களால். ஆகவே பணிவோடு கேட்கிறேன். அடுத்த புத்தகத்தில் திருகாணி ஒருமுறை பிரேக் பிடிக்கட்டும். ஓரத்தில் சின்னக் கட்டம் போதும். குதிகால் எங்கே ஊன்ற வேண்டும், பாதம் எப்படிச் சாய வேண்டும் என்று நானே வரைந்து அனுப்புகிறேன்.

உங்கள் கை வலியில்லாமல் வரையட்டும். உங்கள் பின் அடிக்கும் கருவி விரலில் இறங்காமல் இருக்கட்டும். நீங்கள் சாலையைக் கடக்கும்போதெல்லாம் எதிரே வருகிறவர் என்னிடம் கற்றவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வலது கால் உள்ள ஒருவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வியாழன் வந்துவிட்டது. மைதானத்துக்குள் போகவில்லை. மதில் ஓட்டை வழியாகப் பார்த்தேன். அவள் கார் வேகமாக வந்தது. கோடு கிட்டே வந்தது. நான் காலை ஊன்றி அழுத்தினேன். “சார், அது என் காலு” என்றார் பக்கத்திலிருந்தவர். எடுக்கவில்லை. கார் கோட்டில் நின்றது. இம்மியும் தாண்டவில்லை.

நடுவில் மதில். நான் நிறுத்தியதாகச் சொல்லிக்கொள்ள வழியே இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அவள் இறங்கி நேராக மதிலைப் பார்த்து, “ஒளிஞ்சது போதும், வாங்க. பின்சீட்டுல ஏறிக்கோங்க” என்றாள்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். திருகாணி பிரேக் பிடிக்கவே வேண்டாம். அவள் போகட்டும். நிறுத்தத் தெரிந்தவள் என் வீட்டில் இருக்கிறாள்.