கை வெட்டும் ஊரிலிருந்து வந்தவன்

ஊரில் எல்லோரும் புழங்குகிறார்கள், பார்த்தால் தமிழ் மாதிரியும் இல்லை என்பதற்காக ஒரு வார்த்தை ஆங்கிலமாகிவிடாது. இந்தச் சின்ன உண்மையை நான் தெரிந்துகொண்டது இங்கிலாந்தின் வடபகுதியில், ஒரு பல்கலைக்கழக வகுப்பறையில், முப்பது பேருக்கு முன்னால். தனியாக இருக்கும்போது தெரிந்துகொண்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அறுபதுகளின் கடைசி. அப்பாவுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி இருந்தது. (கம்பெனி என்றால் ஓடு வேய்ந்த கொட்டகை, ஏழெட்டுத் தையல் மெஷின், சுவரில் ஒரு முருகன் காலண்டர்.) நான் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். ஆண்டுக்கு இரண்டு மாணவர்களை இங்கிலாந்துக்கு அனுப்பி, ஒரு பருவம் அங்கே படிக்க வைக்கும் ஏற்பாடு அந்தக் கல்லூரியில் இருந்தது. வகுப்புகள் அனைத்தும் ஆங்கிலத்தில். தேர்வானது நானும் சேவூர் வேலுச்சாமியும். வேலுச்சாமி வீட்டில் விவசாயம். இருவருமே ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். அந்த மதிப்பெண் மனப்பாடத்துக்கு விழுந்தது என்பதை மதிப்பெண் பட்டியலில் குறிப்பிடும் வழக்கம் இல்லை.

வழியனுப்ப ரயில் நிலையத்துக்குக் கம்பெனியே திரண்டு வந்தது. அப்பா எனக்கு ரோஜா மாலை போட்டார். கட்டிங் மாஸ்டர் ஒரு மாலை. எதிர்க் கம்பெனிக்காரர்கூட ஒன்று போட்டார். வண்டி நகரும்போது அப்பா ஜன்னலோரம் நடந்துகொண்டே சொன்னார்:

"அங்க என்ன கேட்டாலும் நம்ம தொழிலச் சொல்லு கண்ணு. தெரிஞ்சதச் சொல்றவன் எங்கயும் தோக்க மாட்டான்."

அவர் வாழ்க்கையில் சொன்ன அறிவுரைகளில் இது ஒன்றுதான் பிசகியது. என்னிடம் சொன்னதால் பிசகியது என்றும் சொல்லலாம்.

அங்கே போன முதல் மாதம் எங்களுக்கு எதுவும் புரியவில்லை. பேராசிரியர் உயரமானவர், மிகவும் நல்லவர், பேசும்போது உதட்டை அசைக்க விரும்பாதவர். மாலையில் அறைக்கு வந்ததும் எனக்குக் கேட்ட வார்த்தைகளையும் வேலுச்சாமிக்குக் கேட்ட வார்த்தைகளையும் சேர்த்துப் பார்ப்போம். சில நாட்களில் ஒரு முழு வாக்கியம்கூடக் கிடைக்கும். பெரும்பாலும் அது அன்றைய மழையைப் பற்றியதாக இருக்கும்.

வேலுச்சாமி தப்பித்துக்கொண்டான். மற்றவர்கள் தலையாட்டும்போது தானும் ஆட்டுவான். சிரிக்கும்போது அரை நொடி கழித்துச் சிரிப்பான். நான் மாட்டிக்கொண்டேன். ஒரு நாள் பேராசிரியர் பலகையில் இரண்டு கணக்குகளை எழுதிவிட்டு, இவற்றில் எது சரி என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் எழுந்து நின்று, "யெஸ்ஸுங்க" என்றேன். (எங்கள் பக்கத்தில் பெரியவர்களிடம் 'ங்க' போடாமல் பேசினால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். ஆங்கிலத்துக்கு அதிலிருந்து விலக்கு உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.)

அன்று மாலை என்னைத் தன் அறைக்கு அழைத்தார். மெதுவாக, எனக்காகவே உதட்டை அசைத்துப் பேசினார். நான் ஆங்கில வகுப்பைப் பின்தொடர முடிகிறவன்தானா என்று துறைக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அடுத்த வாரம் எனக்குத் தெரிந்த ஒரு தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். அதில் தேறினால் தொடரலாம். இல்லையென்றால் அடுத்த கப்பல்.

அடுத்த கப்பலில் போனால் எனக்கு ஒரு வருடப் படிப்பு வீண். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ரயில் நிலையத்தில் மாலை போட்டு அனுப்பிய பையன் மாலை காய்வதற்குள் திரும்பி வந்தான் என்று எதிர்க் கம்பெனிக்காரர் ஊர் முழுக்கச் சொல்லுவார். அப்பா அந்தத் தெருவில்தான் தினமும் தொழில் செய்ய வேண்டும்.

தெரிந்த தொழில் என்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. 'திருப்பூர்ப் பனியன் தொழில்' என்று தலைப்பு வைத்தேன். பனியன் என்பது ஆங்கிலம்தானே. கம்பெனி, கட்டிங், மாஸ்டர், டேமேஜ் எல்லாம் ஆங்கிலம் என்றால் பனியன் மட்டும் எப்படித் தமிழாக இருக்கும்? மற்றவற்றை நானே மொழிபெயர்த்தேன். பனியனின் உடல்பகுதித் துணியைத் திருப்பூரில் பாடி என்போம். அதை அப்படியே வைத்துக்கொண்டேன். தோளில் வைத்துத் தைக்கும் பகுதியைக் கை என்போம். அதற்கு ஆங்கிலத்தில் என்ன? ஹேண்ட். இதற்கெல்லாம் அகராதியைத் தேடுவது நேர விரயம் என்று நினைத்தேன்.

அறையில் வேலுச்சாமியை உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

"ஒரு வார்த்த விடாம வெளங்குது மாப்ள," என்றான். "எங்க அய்யனக் கொண்டாந்து உக்கார வெச்சாலும் வெளங்கும். இந்த ஊருக்கு வந்து இன்னைக்குத்தான் ஒருத்தர் பேசுன இங்கிலீசு எனக்குப் புரிஞ்சிருக்குது."

இதில் எச்சரிக்கை இருந்ததை நான் கவனிக்கவில்லை.

வாசிக்கும் நாளில் மாணவர்கள், இரண்டு மூன்று ஆசிரியர்கள், தர்மகாரியங்களில் ஈடுபாடுள்ள ஒரு நரைத்த தலை அம்மையார் என்று அறை நிறைந்திருந்தது. வேலுச்சாமி கடைசி வரிசையில் இருந்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். நான் வாசித்ததன் சாரத்தைத் தமிழில் தருகிறேன். அவர்கள் கேட்டபடியே தருகிறேன்.

"எங்கள் ஊரின் வாழ்வே பனியன்தான். என் தந்தையும் இதே தொழில். முதலில் பாடிகளை மாட்டு வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோவோம். அங்கே பெரிய பானைகளில் வேகவைத்து, வெளுத்து, மணலில் வரிசையாகக் காயப்போடுவோம். பிறகு வெட்டுவதற்கு ஒரு மாஸ்டர் இருக்கிறார். அவர் ஒரே வீச்சில் பல பாடிகளை வெட்டுவார். கைகளைத் தனியாக வெட்டுவார். சிறுவர்களின் கைகளை, பெரியவர்களின் பாடியை வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளிலிருந்து எடுத்துக்கொள்வோம். எதையும் வீணாக்குவதில்லை."

இந்த இடத்தில் அறையில் பேனாக்கள் நின்றன. அது மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"கழுத்து நுட்பமான வேலை. அனுபவம் உள்ளவர்களிடம் மட்டுமே கழுத்தைக் கொடுப்போம். பெண்கள் தரையில் அமர்ந்து நாள் முழுவதும் கைகளை மடிக்கிறார்கள். டேமேஜான பாடிகளைப் பல்லடம் சந்தையில் மலிவாக விற்றுவிடுவோம். ஏழைகள் விரும்பி வாங்குகிறார்கள். கை இல்லாததற்குக் கோடையில் கிராக்கி அதிகம்."

அம்மையார் தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தார். யாரும் குறுக்கே பேசவில்லை. ஒருவன் எழுந்து கொலையை ஒப்புக்கொண்டால்கூடக் கடைசிப் பக்கம் வரை காத்திருந்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார்கள் போலிருக்கிறது.

நான் வணங்கி நின்றேன். கைதட்டல் இல்லை. முதலில் அம்மையார்தான் கேட்டார்.

"இது உங்கள் அரசாங்கத்துக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க," என்றேன் பெருமையாக. "வரி வாங்குகிறார்கள்."

அவர் கைக்குட்டையை எடுத்தார். பேராசிரியர் மெல்லக் கேட்டார்: "அந்தச் சிறுவர்களின் கைகள். அது வழக்கமாக நடப்பதா?"

"பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் அதிகம் நடக்கும்," என்றேன்.

முன்வரிசையில் ஒரு மாணவன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எழுந்தான். "எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. இதற்கெல்லாம் நடுவில் அந்த மரம் எங்கே வருகிறது?"

"என்ன மரம்?"

"நீங்கள் முதலில் சொன்ன மரம். பானியன். அதன் அடியில்தான் இவை நடக்கின்றனவா?"

ஆலமரத்துக்கு ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே பெயர். நம் நாட்டு வணிகர்கள் அந்த மரத்தடியில் கடை போட்டதைப் பார்த்து வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்று பிற்பாடு படித்தேன். நாம் உள்ளே போடுகிற துணிக்கு அந்த ஊரில் வேறு பெயர். அதாவது, ஆலமரத்தடியில் ஆட்களை வெட்டி, அவித்து, சந்தையில் விற்று, அரசுக்கு வரியும் கட்டும் ஒரு குடும்பத்திலிருந்து நான் வந்திருக்கிறேன் என்று அந்த அறை நம்பிக்கொண்டிருந்தது. நாள் முழுவதும் கை மடிக்கும் பெண்கள் மரத்தைக் கும்பிடுகிறார்கள் என்று ஒருவர் குறித்தும் வைத்திருந்தார்.

"நோங்க, நோங்க," என்றேன். "நாட் ட்ரீங்க." அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தேன். வேலுச்சாமி தலையாட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் யாரும் ஆட்டவில்லை என்பதைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான்.

எனக்கு அப்போது கப்பல் தெரிந்தது. கோட்டைக் கழற்றினேன். டையை இழுத்தேன். சட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

குளிருக்காக மூன்று பனியன் போட்டிருந்தேன். எல்லாம் அப்பா கம்பெனிச் சரக்கு. மேலே இருந்ததை விரலால் தட்டினேன். "பனியன்," என்றேன். மார்பைத் தடவி, "பாடி." தோளைத் தொட்டு, "ஹேண்ட்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார். "ஸ்லீவ்," என்றார்.

"ஸ்லீவ்," என்றார் பக்கத்து ஆசிரியர். "ஸ்லீவ், ஸ்லீவ்," என்று அந்த வார்த்தை வரிசை வரிசையாகப் பின்னால் போனது. மழை விட்ட பின் கூரை சொட்டுவதுபோல் இருந்தது. ஒரு அறை முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதை நான் அன்றுதான் கேட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் யாருக்கும் சந்தேகம் மிச்சம் இருக்கக் கூடாதல்லவா? மேல் பனியனைக் கழற்றி, அடியில் இருந்த கையில்லாததைக் காட்டினேன். "நோ ஹேண்ட்," என்றேன். அதையும் கழற்றி, மூன்றாவதில் விலாப்பக்கம் இருந்த ஓட்டையில் விரலை விட்டுக் காட்டினேன். "டேமேஜ்." (முதலாளி வீட்டுப் பிள்ளைகள் டேமேஜைத்தான் போடுவோம். நல்லதை விற்க வேண்டும்.) அம்மையார் எழுந்து நின்று, விளக்கம் போதும், தனக்கு முழுமையாகப் புரிந்துவிட்டது என்றார்.

பேராசிரியர் மேஜையருகே வந்து, கழற்றிப் போட்ட பனியனின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், விட்டார், அது பழைய அளவுக்கே திரும்பியது. "தொழில் உனக்குத் தெரிகிறது," என்றார். "நீ இருக்கலாம். ஆனால் எங்கள் மொழியில் நீ சாட்சி சொல்ல நேர்ந்தால் உன் குடும்பம் தூக்கில் தொங்கும்." அதனால் ஒரு நிபந்தனை போட்டார். வெள்ளிக்கிழமைதோறும் துறை டைப்பிஸ்ட் பெண்ணிடம் உள்ளூர் மாலைப் பத்திரிகையை உரக்க வாசிக்க வேண்டும். ஆலை விபத்துச் செய்தி வந்தால் அவள் தட்டச்சை நிறுத்தாமலே கேட்பாள். "யாருடைய கை? எந்த ஊரில்? உயிரோடு இருக்கிறாரா?" பதில் தெரியாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது.

அறைக்குத் திரும்பும் வழியில் வேலுச்சாமியிடம், நடுவிலேயே ஏன் ஒரு சைகை காட்டவில்லை என்று கேட்டேன்.

"எதுக்குக் காட்டறது? எனக்குத்தான் எல்லாமே வெளங்குச்சே," என்றான். "அந்தம்மா கண்ணத் தொடைக்கறப்பக்கூட, நம்ம தொழில் கஷ்டம் மனசத் தொட்டுப் போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன் மாப்ள."

பருவத்தை முடித்துத்தான் ஊர் திரும்பினேன். அப்பாவின் மானம் தப்பியது. கம்பெனிக்குத்தான் வாரிசு தப்பிப்போனான். அந்த வெள்ளிக்கிழமைகளில் செய்தித்தாள் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. படிப்பு முடிந்ததும் கோயமுத்தூரில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் சேர்ந்தேன். நாற்பது வருடம் அதே வேலை. "பனியன் யாவாரத்தப் பெருசாப் பண்ணோணும்னு சீமைக்கு அனுப்புனனுங்க," என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "பேப்பரு படிச்சுட்டு வந்துருக்கறான்." கம்பெனியைக் கடைசியில் தங்கை மாப்பிள்ளைதான் எடுத்து நடத்தினார். நன்றாகவே நடத்தினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

நான் கப்பலிலிருந்து இறங்கிக் களைப்பாறுவதற்குள், ஊர் முழுக்க வேலுச்சாமி இந்தக் கதையைச் சொல்லி முடித்திருந்தான். அவன் சொல்கிற கதையில் நான் கழற்றிய பனியன்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது.

பல வருடங்கள் கழித்து, மகளுக்குப் பல்லடத்துச் சம்பந்தம் ஒன்று பேச எங்கள் வீட்டில் கூடினோம்; வேலுச்சாமியும் வந்திருந்தான். மாப்பிள்ளையின் அப்பா விசைத்தறி வைத்திருப்பவர், கறாரான மனிதர். பத்திரிகையில் செய்தி எப்படித் தயாராகிறது என்று மரியாதைக்குக் கேட்டார். நானும் நிமிர்ந்து உட்கார்ந்து, "அதாவதுங்க, முதலில்..." என்று தொடங்கினேன்.

காபித் தட்டோடு வந்த என் மனைவி, தட்டை நீட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "சட்டையக் கழட்டாமச் சொல்லுங்க."

சம்பந்தி கையில் எடுத்த டம்ளரோடு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது ஒண்ணுமில்லீங்க சம்பந்தி," என்று வேலுச்சாமி நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டான். "நாங்க ரெண்டு பேரும் சீமையில படிச்சப்ப, இவன் அஞ்சு பனியன் போட்டுட்டு..."

நான் சட்டைப் பொத்தான்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.